உழக்கு மைதா கால் கிலோ இல்லை

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு மனிதர் நிறுக்காமல் எழுதினார். பழி மட்டும் என் தலையில் விழுந்தது.

தொண்ணூறாம் வருட வாக்கில் ராஜபாளையத்தில் ஒரு பேக்கரியில் கேக் மாவு கலக்கும் வேலை எனக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். மைதா, சீனி எல்லாம் உழக்கில்தான் அளப்பேன். மைதாவைச் சலித்து, உழக்கில் அள்ளி, அமுக்காமல் விரலால் தலை தட்டுவேன். ஏழெட்டு வருடமாக என் கேக்கை ஒருவரும் குறை சொன்னதில்லை.

அப்போது மதுரையிலிருந்து புது மாஸ்டர் வந்தார். இனிமேல் எல்லாம் கிராம் கணக்கு என்று தராசு வாங்க வைத்தார். நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். எத்தனை உழக்கு போடுவாய் என்று கேட்டார். மைதா பத்து, சீனி எட்டு என்றேன்.

"உழக்கு அரிசி கால் கிலோ. அப்ப மைதா ரெண்டரை கிலோ, சீனி ரெண்டு கிலோ" என்று தாளில் எழுதிவிட்டார்.

"மைதா அம்புட்டு கனக்காதே..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா முணுமுணுக்கே? எத்தனாங் கிளாஸ் படிச்சே?"

அஞ்சாங் கிளாஸ். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். தாளைச் சுவரில் ஒட்டினார். அதன்படி கலக்கினால் மாவு கரண்டியை விட்டு விழவே மாட்டேன் என்றது. அதையும் சொன்னேன். "பேப்பர்ல உள்ளதப் போடு" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் கொடுத்திருந்த சேத்தூர்க்காரர் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். டொக்கென்று சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இத வெட்ட அருவா ஒண்ணு தாரியளா?"

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் என்னைக் கை காட்டினார். "அந்தம்மாவுக்கு கிராம் பாத்துப் போடத் தெரியல."

அன்றைக்கே என்னைத் தட்டு தேய்க்கப் போட்டுவிட்டார்கள். கூட வேலை பார்த்தவள் என் காதில், "ஏட்டி, நீயும் வாயத் தொறக்காம நிக்கியே!" என்றாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் வீட்டிலிருந்து உழக்கு அரிசியைத் துணியில் முடிந்து கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, செத்த நேரம் இங்க நில்லுங்க."

முதலாளி வந்து நின்றார். அரிசியைத் தராசில் கொட்டினேன். கால் கிலோ கல்லுக்குச் சரியாக நின்றது. அதை எடுத்துவிட்டு உழக்கு மைதாவைக் கொட்டினேன். மைதாத் தட்டு மேலேயே நின்றது. கால் கிலோ கல்லை எடுத்துவிட்டு நூறு, ஐம்பது, இருபது என்று வைத்த பிறகுதான் முள் நேரானது.

"பத்து உழக்குக்கு முக்கா கிலோவுக்கு மேல மாவு கூடப் போட வச்சிருக்காவ, அண்ணாச்சி." முணுமுணுக்காமல் சத்தமாகவே சொன்னேன்.

மாஸ்டர் சிரித்தார். "தராசு புதுசுல்லா..." என்றபடி சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு, மைதா ஒரு கிலோ எழுநூறு கிராம் என்று வேறு தாளில் எழுதி ஒட்டினார். ஏதோ அவரே கண்டுபிடித்தது போல!

"சரிம்மா, நாளைலேர்ந்து மாவுக்கு வா" என்றார் முதலாளி.

"இப்பவே வாரேன். ஆனா தப்பு என் மேல இல்லன்னு அவிய ஒரு வார்த்தை சொல்லட்டும்."

மாஸ்டர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் கையைக் கழுவிவிட்டு மைதா சலிக்க உட்கார்ந்தேன். டீ குடித்துவிட்டு வந்த பிறகும் அவர் சொல்லவில்லை. வேலையை விட்டு மதுரைக்குத் திரும்பிப் போன அன்றைக்கும் சொல்லவில்லை.