சேவியருக்குக் கொண்டுபோன மூன்று பைக் புத்தகங்கள்

நெடுந்தூர பைக் பயணம் பற்றி எதைப் படிக்கலாம் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். இரண்டு மாதங்களுக்கு முன் இதே கேள்வியைக் காரைக்காலிலிருந்து என் நண்பன் சேவியர் போனில் கேட்டான். இரண்டு வருடங்களுக்கு முன் இருவரும் ஆளுக்கொரு பைக்கில் வடக்கே போனோம். இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று நான் விரட்ட, மணல் கிடந்த ஒரு வளைவில் பின்னால் வந்த அவன் விழுந்தான். இடது கால் இன்னும் சரியாக மடங்காது. அதன்பிறகு போனில் பேசுவேனே தவிர, அவன் வீட்டுப் பக்கம் போனதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை 6.10க்குக் கும்பகோணத்திலிருந்து கிளம்பினேன். பையில் மூன்று புத்தகங்கள். பேரளத்தில் பொங்கலும் காபியும் எழுபது ரூபாய். திருநள்ளாற்றில் கோயில் கூட்டம். வண்டியை உருட்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன். (வேறு கிழமை வாய்த்தால் அன்று போங்கள்.) காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றபோது மணி 8.25, மீட்டரில் 61 கிலோமீட்டர்.

கதவைத் திறந்தது அவன் மனைவி மேரி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "என்னாலதாம்மா அவனுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"விழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்லண்ணே. ரெண்டு வருஷமா எட்டிப் பாக்கலையே, அதுக்குத்தான். மொதல்ல உள்ள வாங்க" என்றாள்.

சேவியர் ஊன்றுகோலைத் தொடாமல் எழுந்து நாலு எட்டு நடந்து காட்டினான். பிறகு என் பையைப் பிடுங்கிக்கொண்டான்.

முதல் புத்தகம் மலைச் சாகசம். எழுதியவர் எங்குமே பயப்படவில்லை; பத்தாம் பக்கத்தில் சேவியர் மூடிவிட்டான். இரண்டாவதில் பஞ்சர் முதல் செயின் வரை பழுது பார்க்கும் விவரம் உண்டு, கூடவே எடுத்துப்போகலாம். மூன்றாவது, தனியாகப் போன ஒரு பெண் எழுதியது. நடுவழியில் விழுந்து, தெரியாத ஊரில் ஆறு வாரம் படுத்துக் கிடக்கிறாள். அதை மேரியிடம் நீட்டி, "நீ வாசி" என்றான்.

மதியம் வரை கேட்டோம். அந்தப் பெண் விழும் பக்கத்தில் மேரியின் குரல் நின்றுவிட்டது. சேவியர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "நிறுத்தாத. எந்திரிக்கிற எடத்துக்கு வா" என்றான்.

நாலரை மணிக்கு அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருக்கும் சுரக்குடி வரை போய் வந்தேன். முப்பதைத் தாண்டவில்லை. "ஏண்டா, நடந்து போறவன் நம்மளத் தாண்டிடுவான் போலருக்கு!" என்று முதுகில் அடித்தான்.

திரும்பியபோது மேரி வாசலில் புத்தகத்தோடு நின்றாள். "அந்தப் பொம்பள முப்பத்தெட்டு வயசுலதான் வண்டி கத்துக்கிட்டாங்களாம்ணே. எனக்கு முப்பத்தாறுதான் ஆவுது. இவரு வண்டி சும்மாத்தான கெடக்கு?"

பயணப் புத்தகம் வாங்கும்போது, எழுதியவர் விழுந்ததையும் பயந்ததையும் சொல்லியிருக்கிறாரா என்று புரட்டிப் பாருங்கள். பெட்ரோலைக் காரைக்காலில் போடுங்கள், விலை கொஞ்சம் குறைவு.

இப்போது ஞாயிறுதோறும் அங்கே போகிறேன். மேரி எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். கடற்கரைச் சாலை காலை ஆறரை வரை காலியாக இருக்கும். போன வாரம் இரண்டாவது கியர் போட்டாள். சேவியர் ஓரமாக நின்று, "மெதுவா, மெதுவா" என்று கத்தினான். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.