அறுந்த விழுது

கலைமதியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என் தப்பைத்தான் எழுத வேண்டும். அதை மறைத்துவிட்டு அவரை மட்டும் புகழ்ந்தால் அது யோக்கியமில்லை. நேரில் ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்று வருகிறது, அப்படியே விட்டுவிடுகிறேன்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஆராய்ச்சிக் கொல்லை. நான் அங்கே மேற்பார்வையாளர். கலைமதி கிராசிங் வேலைக்கு வருபவர். நாற்பத்து மூன்று வயது, பத்தாவது பாஸ். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். நானும் அதே ஊர்தான். ஆனால் அவர் தெருவுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை.

கிராசிங் என்றால் பூவுக்குப் பூ சம்பந்தம் பேசுவது. மறுநாள் மலரப்போகும் மொட்டை மாலையிலேயே பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். காலையில் வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து அந்தப் பூவில் தடவி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்ட வேண்டும். மல்லாட்டைப் பூ, அதாவது வேர்க்கடலைப் பூ, எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். நான் பத்துப் பூ தொட்டால் எட்டு ஒடிந்துவிடும். கலைமதி கை பட்டால் ஒன்றும் ஆகாது.

எங்கள் விஞ்ஞானி எஸ்தர் மேடத்துக்கு ஆறு வருட ஆசை ஒன்று இருந்தது. நம் மல்லாட்டையில் டிக்கா இலைப்புள்ளி நோய் விழுந்தால் ஒரே மாதத்தில் கொல்லை மொட்டையாகிவிடும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த காட்டு மல்லாட்டையை அந்த நோய் தொடவே தொடாது. அந்தத் தெம்பை நம் செடிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் ஆசை.

இரண்டும் சொந்தம்தான், ஆனால் சம்பந்தம் ஒத்துவராது. நம் செடியின் செல்லில் நாற்பது குரோமோசோம், காட்டுச் செடிக்கு இருபது. ஆளுக்குப் பாதி கொடுத்தால் பிள்ளைக்கு முப்பது. அதில் இருபது தங்களுக்குள் ஜோடி சேர்ந்துவிடும், மிச்சம் பத்து துணையில்லாமல் நிற்கும். கோலாட்டத்தில் பத்து பேருக்கு ஜோடி இல்லை என்றால் ஆட்டமே நின்றுபோகுமே, அதுபோலத்தான். செடி வளரும், பூக்கும், காய்க்காது.

ஆயிரத்துச் சொச்சம் பூவுக்குக் கலைமதி நூல் கட்டினார். பிழைத்தது நான்கு கலப்புச் செடி. குரோமோசோமை இரட்டிப்பாக்க மருந்து போட்டுப் பார்த்தோம், குருத்து கருகியதுதான் மிச்சம்.

“எப்பவாவது ஒரு தடவை முப்பதும் மொத்தமா ஒரே மகரந்தத்துக்குள்ள போயிடும். சூலுக்குள்ளயும் அதே மாதிரி போய், ரெண்டும் சேந்தா அறுபது. எல்லாத்துக்கும் ஜோடி கிடைச்சிடும். செடியை ரொம்ப நாள் உயிரோட வச்சிருந்தா நடக்கலாம்” என்றார் மேடம்.

பதினான்கு மாதம் அந்த நான்கையும் உயிரோடு வைத்திருந்தவர் கலைமதி. ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தண்ணீர் ஊற்றுவார். மார்ச் முடிவதற்குள் ஒரு விதையாவது காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். செடிகள் ஆள் நீளத்துக்குப் படர்ந்து கிடந்தன, பிப்ரவரியும் முடிந்துவிட்டது.

கூட்டத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்த மேடம் சனிக்கிழமை போனில் சொன்னார்: “செடியை எடுத்துட்டு மண்ணை நல்லா சலிச்சுப் பாருங்க.” முப்பது வருடமாக மல்லாட்டை பிடுங்குகிறவனுக்கு இவர் சொல்லித்தர வேண்டுமா என்று எனக்குள் ஒரு திமிர். நான்கு செடியையும் ஒவ்வொன்றாகக் கொத்தாகப் பிடித்தேன், இழுத்தேன், ஒரு உதறு உதறி அடியைப் பார்த்தேன். ஒரு காய்கூட இல்லை. பதிவேட்டில் ‘காய் இல்லை’ என்று எழுதி, கலைமதியை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லி, திங்கட்கிழமை உழவுக்கு டிராக்டருக்கும் சொல்லிவிட்டேன். சலிக்கவில்லை. இதுதான் என் தப்பு.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது பெரியதம்பியின் டிராக்டர் மேற்கு ஓரத்தில் இரண்டு சால் ஓட்டியிருந்தது. கலைமதி வரப்பில் உட்கார்ந்து, நான் பிடுங்கிப் போட்ட செடிகளில் ஒன்றை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக டிராக்டருக்கு முன்னால் ஓடிப்போய் நின்றார்.

“நிறுத்துண்ணா! நிறுத்து!”

“இன்னா ஆச்சு உனுக்கு? நசுங்கிச் சாவப் போறியா?” என்று கத்தினார் பெரியதம்பி.

நான் பதறிப்போய் ஓடினேன். கலைமதி செடியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். தண்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கி நுனியில் காய் பிடிக்கும் விழுதுகளில் ஐந்தாறு பாதியில் நின்றிருந்தன.

“இத பாருங்க சார். காய் புடிக்காத விழுது மண்ணத் தொடாமயே கருகி, நுனி ஊசி மாதிரி இருக்கும். இது அறுந்திருக்குது. நீங்க இழுக்கும்போது கீழ எதையோ புடிச்சிக்கினு இருந்திச்சு சார்!”

அவர் சொன்ன பிறகு பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும், அவ்வளவு பச்சையாக அறுந்திருந்தது. பெரியதம்பிக்குப் பத்து மணிக்கு வேறு கொல்லையில் உழவு இருந்தது. “ஒம்போதரை வரிக்கும் நிக்கிறேன்” என்று இன்ஜினை அணைத்தார்.

ஒன்றரை மணி நேரம் இருந்தது. கலைமதி களைக்கொத்தோடு மண்டி போட்டார். அந்தச் செடி இருந்த குழியைச் சுற்றி ஒரு முழம் கிளறினார், ஒன்றுமில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். மணி ஒன்பதாகிவிட்டது என்று இரண்டு தடவை சொன்னேன். “சும்மா இருங்க சார்” என்று அதட்டினார். பிறகு நகர்ந்து, செடியின் கிளைகள் படர்ந்து கிடந்த ஓரத்துக்கும் அப்பால் போய் உட்கார்ந்தார். அங்கே எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் விரல் மண்ணுக்குள் நின்றுவிட்டது.

நூல் போல ஒரு விழுதுத் துண்டு. இழுக்கவில்லை. பக்கத்து மண்ணை மட்டும் ஒதுக்கி ஒதுக்கி அதன் பின்னாலேயே போனார். ஒன்றரைச் சாண் தள்ளி ஒரு காய். பொக்கு, உள்ளே பருப்பில்லை. அடுத்ததும் பொக்கு. மூன்றாவது சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே கடகடவென்று சத்தம்!

“இருக்குது சார்! இருக்குது!” அவர் கத்தியதில் பெரியதம்பி டிராக்டரிலிருந்து குதித்துவிட்டார். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. அன்று உழவு நடக்கவில்லை. மத்தியானத்துக்குள் பருப்புள்ள காய் மூன்று கிடைத்தது.

சாயங்காலம் எஸ்தர் மேடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் பறந்து வந்தார். முன்பு அங்கே இருந்த சாதாரண மல்லாட்டைப் பயிரில் உதிர்ந்த காயாக இருக்குமோ என்று கேட்டேன். மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். “நம்ம காய் ரெண்டு பருப்பும் ஒட்டினாப்புல இருக்கும். இதுல மணிக்கும் மணிக்கும் நடுவுல நூலாட்டம் கழுத்து இருந்து அறுந்திருக்கு பாருங்க. காட்டுச் செடி குணம். இது நம்ம பிள்ளைதான்” என்றவர் கலைமதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மூன்றில் இரண்டு முளைத்தது. ஒரு வேர்நுனியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து மேடம் சத்தமாக எண்ண, நாங்களும் கூடவே எண்ணினோம். அறுபது! ஜோடி தப்பாமல் அறுபது. திட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பு கிடைத்தது.

அன்று டீ குடிக்கும்போது கேட்டேன். “அவ்ளோ தூரம் தள்ளிப் போயித் தேடணும்னு உனுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

கலைமதி சிரித்தார். “மல்லாட்ட புடுங்கி முடிச்ச கொல்லையில எங்கம்மா எங்கள இட்டுக்கினு போயி, தப்புன காயப் பொறுக்கும் சார். அடியில இருக்கிறத எல்லாம் கொல்லக்காரங்களே எடுத்துக்குவாங்க. எங்களுக்கு ஓரத்துல அறுந்து கெடக்கறதுதான். உங்க கொல்லையிலதான் சார் கத்துக்கினேன். உங்க நைனா தடியெடுத்துக்கினு வர்றதுக்குள்ள எடுத்தாவணும்ல, அதான் கை இவ்ளோ வேகம்.”

கோபமாகச் சொல்லவில்லை, சந்தோஷத்தில்தான் சொன்னார். நான்தான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. நைனா விரட்டும்போது வரப்பில் நின்று கைதட்டியவன் நான்.

அந்த இரண்டு செடியும் நான்கு மாதம் கழித்து அறுவடைக்கு வந்தது. நான் செடியைத் தொடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, களைக்கொத்தோடு மண்ணில் மண்டி போட்டேன். தலைக்கு மேல் கலைமதி நின்றுகொண்டு, “அங்க இல்ல சார், இன்னும் தள்ளிப் போங்க. இழுக்காதீங்க, இழுக்காதீங்க!” என்று அதட்டிக்கொண்டே இருந்தார். அன்று என் கையில் பதினேழு காய் கிடைத்தது.