சரவணனின் லேப்டாப்பிலிருந்து வந்த படம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மலேசியாவில் பீடோங் என்ற ஊரில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான், அங்கே அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன் என்று சொல்லாதவர்களே இல்லை, என் கண்ணில் மட்டும் ஒருநாளும் ஒன்றும் பட்டதில்லை. வேலையும் அப்படி. சுங்கைப் பட்டாணியில் ஒரு நிறுவனத்தில், மருத்துவக் கருவிகளின் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறேன். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு, அவ்வளவுதான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது.

எங்கள் குழுவில் சரவணன் என்று ஒரு தம்பி இருந்தான். லூனாஸ் ஊர்க்காரன், கெட்டிக்காரன், ஒரே ஒரு கெட்ட பழக்கம். சோதனைக்கு வேண்டிய கோப்புகளை எல்லாருக்கும் பொதுவான புராஜெக்ட் ஃபோல்டரில் போடாமல் தன் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்வான். கோப்பு இருக்கும் இடத்தை எழுதும்போதும், புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்து வழி சொல்லாமல், தன் பெயரில் இருக்கும் ஃபோல்டரின் முழு முகவரியையே எழுதிவிடுவான். அவனிடம் ஓடும், எங்களிடம் 'கோப்பு இல்லை' என்று நின்றுவிடும். கேட்டால், "நாளைக்கு மாத்திர்றேன்க்கா" என்பான். ஒருநாள் காலை வேலைக்கு வரும் வழியில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி அவன் மோட்டார் சைக்கிளில் மோதியது. அங்கேயே உயிர் போய்விட்டது. அவன் மனைவி மலருக்கு மடியில் கைக்குழந்தை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்தம் செய்யும் கருவியின் புதிய மென்பொருளை அன்று மாலை அனுப்ப வேண்டும். சரவணனின் சோதனைகள் ஒன்றுகூட ஓடவில்லை.

"தம்பியோடத விட்டுரு பரமேஸ், டைம் இல்லலா," என்றார் எங்கள் லீடர் ராஜன் அண்ணன்.

எனக்கு மனசு கேட்கவில்லை, மத்தியானம் எல்லாவற்றையும் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டேன். கோப்பு இல்லை, கோப்பு இல்லை என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒன்று மட்டும் 'படங்கள் பொருந்தவில்லை' என்றது.

கருவியின் திரை எப்படி இருக்க வேண்டும் என்று சரவணன் ஒரு படம் பிடித்து வைத்திருப்பான், அதோடு ஒப்பிடுகிற சோதனை அது. அந்தப் படம் அவன் லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் கிடையாது. என் கணினியில் அவன் பெயரில் ஃபோல்டரே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் நம்பினால் நம்புங்கள், இரண்டு படங்களும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவன் படத்தில், நோயாளியின் இரத்த அழுத்தம் விழுந்தால் வரவேண்டிய சிவப்பு எச்சரிக்கை. புதிய மென்பொருளில் அது வரவேயில்லை.

ராஜன் அண்ணன் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "இது மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா..." என்றார். உடனே எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பிறகுதான் குரலைத் தாழ்த்தி, "அவன் படத்துல மூலையில இருக்கற தேதியப் பாரு," என்றார்.

அதே செவ்வாய்க்கிழமையின் தேதி.

அவன் படமும் அன்று எடுத்த புதுப் படமும் இடம் மாறியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன், மாறவில்லை. மறுபடி ஓடவிட்டோம். 'கோப்பு இல்லை' என்றது.

சனிக்கிழமை லூனாசுக்குப் போனேன். அந்த லேப்டாப்பைப் பார்க்க வேண்டும் என்றதும் மலர் ஒன்றும் கேட்காமல் அலமாரியைத் திறந்தாள். விபத்தில் இரண்டாக உடைந்து, சேறு காய்ந்து கிடந்தது, பேட்டரிகூட இல்லை. தொட்டேன். யாரோ இவ்வளவு நேரம் வேலை செய்துவிட்டு எழுந்து போனதுபோல் சூடு.

"செவ்வாக்கெழம மத்தியானத்துலேருந்து இப்பிடித்தான்க்கா இருக்கு," என்றாள் மலர். "யார்கிட்டயும் சொல்லல. புள்ள அழுதா இந்த அலமாரிகிட்ட படுக்க வெப்பேன், தூங்கிரும்."

அவளிடம் படத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் வேண்டிய கோப்புகளைப் புதிதாகத் தயாரித்துப் பொது ஃபோல்டரில் போட்டு, சரவணன் எழுதிய முகவரிகளையெல்லாம் நான்தான் மாற்றினேன், வேலை, மாற்றித்தானே ஆக வேண்டும். இப்போது எல்லார் கணினியிலும் ஓடுகிறது, எங்கேயும் அவன் பெயர் இல்லை. கடைசி ஒன்றை மாற்றிச் சேமித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுவதற்குள் மலர் போன் செய்தாள்.

"அக்கா, அலமாரிகிட்ட தூங்கிட்டிருந்த புள்ள திடீர்னு எழுந்திரிச்சு அழுவுது, நிறுத்தவே மாட்டேங்குது."

அதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.