கச்சேரிக்குத் தென்காசி போனால் எங்கே தங்குவது?

ஜூலை மாதம், சாரல் சீசனின் ஒரு சனிக்கிழமை. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாயனக் கச்சேரி என்று கேள்விப்பட்டு மதுரையிலிருந்து கிளம்பினோம். காய்ச்சலில் வலது காது போனதிலிருந்து, நாயனத்துக்காக ஊர் ஊராக அலைந்த என் கணவர் எந்தக் கச்சேரிக்கும் வரவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்தால் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து இரைச்சலாகிவிடுமாம். இந்த முறையும் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார்: பாதியில் எழுந்தால் நடந்தே அறைக்குத் திரும்ப முடிய வேண்டும்.

அருவி ஆசையில் நான் முதலில் தேடியது குற்றாலத்தில்தான். ஆறு கிலோமீட்டர்தானே என்று நினைத்தேன். ஆனால் சீசன் சனிக்கிழமை மாலையில் அந்தச் சாலையில் வண்டி நகராது என்று பலரும் எச்சரித்தார்கள். அதனால் மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி, தென்காசியிலேயே ஒரு சாதாரண லாட்ஜில் அறை எடுத்தோம். அறையில் ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை. (குற்றாலத்தை விட்டுவிட்டோமே என்று எனக்குள் புலம்பல்தான்.)

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். நாயனக்காரர் தோடியைத் தொட்டதுமே எனக்குச் சிலிர்த்தது. பக்கத்தில் என் கணவரின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. தவில் சேர்ந்ததும் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்து போய்விட்டார். தனியாக விடச் சொன்னது போலிருந்ததால் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு ஒரு ஸ்வரமும் மனதில் ஏறவில்லை. வற்புறுத்திக் கூட்டி வந்து புண்படுத்திவிட்டேனோ என்று கிளம்பிவிட்டேன்.

லாட்ஜில் எங்கள் அறை பூட்டியிருந்தது. வரவேற்பில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி மொட்டை மாடில நிக்காரு மைனி. நனையாதீயன்னு சொன்னேன், கேக்கல."

படியேறி ஓடினேன். பொடிச் சாரல். மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று மண்டபத்தைக் கடந்து நேராக எங்கள் மேல் வீசியது. சற்றுத் தள்ளிக் கோயில் கோபுரம் விளக்கொளியில் நனைந்துகொண்டிருந்தது. இவர் இடது காதைக் காற்றுக்குக் கொடுத்துக் கண்மூடி நின்றிருந்தார். நான் வந்தது தெரிந்ததும் கையமர்த்தினார்.

"தவில் தனியாக் கேக்குது. நாயனம் தனியாக் கேக்குது."

அவ்வளவுதான் சொன்னார். மண்டபத்தில் முட்டி மோதிய அதே தோடி, அத்தனை கூரைகளைத் தாண்டி, வடிகட்டியது போல வந்து சேர்ந்தது. இழை இழையாகப் பிரிந்து, காற்று ஓங்கும்போது ஓங்கி, தணியும்போது தணிந்து. எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். ஒரு ராகம் வானத்திலிருந்து இறங்குவது போலக் கேட்டது அன்றுதான். மங்களம் முடியும்வரை இருவரும் நனைந்தபடியே நின்றோம்.

வெளியூர்க் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: இடத்தின் அழகைப் பார்த்து அறை எடுக்காதீர்கள், மண்டபத்துக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள். உடன் வருகிறவருக்கு எது முடியாது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அருவி எங்கேயும் போய்விடாது. மறுநாள் விடிந்ததும் டவுன் பஸ் ஏறினால், கூட்டம் சேருமுன் குற்றாலத்தில் இருக்கலாம்.

நாங்களும் அப்படித்தான் போனோம். மெயினருவியில் தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது. பக்கத்தில் நின்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. இவர் என் காதோடு வாய்வைத்துச் சிரித்தபடி சொன்னார்:

"இங்க எல்லாருக்கும் என் காதுதான்."