சாய்மானம் வைத்த சீட்

என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் பீல்ட் ஒபிசர். காலையில் மோட்டார் சைக்கிளில் ஏறினால் சாயந்தரம்வரை மலைமலையாகச் சுற்றுவார். பெயருக்குத்தான் ரோடு; முழுக்கக் கல்லும் குழியும். தொண்ணூற்றாறாம் வருஷம் அவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், இல்லையென்றால் மலை வேலையை விட்டுவிட வேண்டும் என்று இரத்தினபுரி டொக்டர் சொல்லிவிட்டார். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கஹவத்தைக்குப் போனோம். மோட்டார் சைக்கிள் சீட் தைக்கிற முஸ்லிம் நானா மூன்று சீட் எடுத்துப்போட்டார். ஒன்று நல்ல அகலம். இன்னொன்றில் தடித்த ஸ்பொஞ்ச். மூன்றாவதில் ஓட்டுகிறவரின் முதுகைத் தாங்க, சின்னத் தலையணை மாதிரி ஒன்று நிமிர்ந்து நின்றது. அதில் சாய்ந்ததும் இவருக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்க்கவில்லை.

“இதையே எடுப்போங்க” என்றேன். சட்டென்று எழுந்துவிட்டார்.

“தொர பாத்தா என்ன நெனப்பாரு? சாஞ்சுக்கிட்டுப் போறான்னு நெனக்க மாட்டாரா?”

தோட்ட மேனேஜரான துரையின் ஜீப் வந்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நிற்கிற வழக்கம் எப்போதோ போய்விட்டது. இவருக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. சாய்மானத்தின் உயரத்தைக் குறைக்கச் சொல்லி நானாவின் உயிரை வாங்கினார்.

“இதுக்கு மேல கொறச்சா முதுகு சாயாது சேர், இடுப்பு பெல்ட்டுதான் சாயும்” என்றார் நானா.

“முழு உயரத்துக்கே வைங்க நானா” என்று நான் முடித்துவைத்தேன்.

வைத்து என்ன? அதற்கும் தன் முதுகுக்கும் நடுவே நாலு விரல் இடம்விட்டுத்தான் ஓட்டினார். எந்த முடக்கு வளைவில் ஜீப் வருமோ என்று பயம். எஞ்சின் சத்தம் கேட்டாலே விறைத்துக்கொள்வார்; கொழுந்து லொறிக்கும் அந்த மரியாதை கிடைத்தது. வலி அப்படியே இருந்தது. நான் தைலம் தேய்த்துக்கொண்டே திட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பும்போது நிஜமாகவே ஜீப் எதிரே வந்தது. இறங்கி நிற்பதற்காக இவர் முன்னால் குனிந்து வேகத்தைக் குறைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் இரண்டு தோளையும் பிடித்து இழுத்துச் சாய்த்தேன்.

“ஏய் விடு, தொர வர்றாரு!”

“வரட்டுங்க. நீங்க சாயுங்க.”

ஜீப் பக்கத்தில் வந்தது. டிரைவர் ஓட்ட, துரை மடியில் ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவேயில்லை. புழுதிதான் எங்கள்மேல் விழுந்தது.

கொஞ்ச தூரம் போய் இவர் வண்டியை நிறுத்தினார்.

“பாக்கவே இல்லயே” என்றார், ஏதோ குறைப்பட்டுக்கொள்வதுபோல. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“அப்ப இத்தன வருசமா நா எறங்கி நின்னதையும் பாத்திருக்க மாட்டாங்களா?”

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கவேண்டும்போல ஆத்திரம் வந்தது.

“வண்டிய எடுங்க” என்றேன்.

எடுத்தார். இந்த முறை நான் தோளைத் தொடவில்லை. அவராகவே சாய்ந்துகொண்டார்.