கெட்டியாக இருந்தால் நல்ல சரக்கா?

போன செவ்வாய்க்கிழமை காலை, என் சிநேகிதி செல்வி கொண்டுவந்த மீன் பைக்குள் கையை விட்டேன்... அலறிவிட்டேன்.

செல்வியைத் தெரியாதவர்களுக்காக நாலு வார்த்தை. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்ச். மீனவர் வீட்டுப் பெண். இப்போது துறைமுகத்தில் ஏலம் எடுத்து ஹோட்டல்களுக்கு மீன் சப்ளை செய்கிறாள். கருவடிக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததே கிடையாது. நீல நிற ஐஸ் பை ஒன்று கூடவே வரும். உள்ளே வஞ்சிரம் இருக்கும், இல்லாவிட்டால் சங்கரா. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவது என் வழக்கம்.

அன்றும் போனேன். கையை விட்டேன். ஐஸ் இல்லை. ஈரம் இல்லை. செதில் இல்லை. வழவழவென்று, விறைப்பாக, ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று!

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அடுத்த நொடி புரிந்துவிட்டது.

நான் போட்ட சத்தத்தில், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "இன்னைக்கு என்ன மீனு?"

"மீன் இல்லைங்க!" என்று கத்திவிட்டு, பின்னாலேயே வந்த செல்வியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

பெண்களின் அந்தரங்கத்துக்கென்று சிலிக்கானில் செய்கிறார்களே, 'அடல்ட் டாய்' என்று சொல்கிறார்களே... அது. என் சமையல் மேடையில். காபி டம்ளருக்குப் பக்கத்தில்! மகளுக்குக் கல்யாணம் செய்து அனுப்பியவள் நான். இந்தச் சமாச்சாரத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்தால்கூடப் பக்கத்தைத் திருப்பிவிடுகிற ஆள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"கத்தாதடி, மானம் போவுது," என்றாள் செல்வி.

"எதுக்குடி இதைப் போய் மீன் பையில..."

"மருமவ அலமாரி பூரா அடுக்கி வெக்கிறா. இந்தப் பைய மட்டுந்தான் எவளும் தொடமாட்டா. ஒங்கிட்ட காட்டிக் கேக்கலாம்னு எடுத்தாந்தேன்."

அதற்கு மேல் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஏலத்தில் பத்து ஆண்களின் குரலை ஒரே குரலில் அடக்குகிறவள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. என் அதிர்ச்சியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். காயம் ஆறியது. வேலைக்கும் போய்விட்டாள். ஆனால் அதன்பிறகு கணவர் ராஜேந்திரனோடு சேரும்போதெல்லாம் உயிர் போகிற வலி. அவர் போட் என்ஜின் மெக்கானிக். அதிர்ந்து பேசாத மனுஷன். அவரிடம் வலியைச் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில் ஒருநாள், "நீ இனிமே ஹால்ல படு," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவரும் பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஏன்னு கூட ஒரு வார்த்த கேக்கலடி. பல மாசம் ஆச்சி. அந்தாளுக்கு நான் வேணாம்போல," என்று மூக்கைச் சிந்தினாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொண்டிருந்த பெண் டாக்டர்தான் இந்த யோசனையைச் சொன்னாராம். இறுகிப்போன தசையை மெல்ல மெல்லப் பழக்க, சிலிக்கானில் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இவள் வெட்கத்தில் "சரி சரி" என்று தலையை ஆட்டிவிட்டு, மீதியைக் கேட்காமலே ஓடிவந்துவிட்டாள். ஆன்லைனில் தேடினாள். சாஃப்ட், மீடியம், ஃபர்ம்... எது வேண்டும் என்று கேட்டதாம்.

எதை அமுக்கியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

"ஃபர்ம்னா கெட்டிதான? மீனுல நாம இன்னா பாக்குறோம்? அமுக்குனா கெட்டியா இருக்கணும், அதான நல்ல சரக்கு? தொளதொளன்னு இருந்தா ரெண்டு நாளு மீனு. எவனா ஏமாத்திட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லை. அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறாள். வலி இன்னும் மோசமாகிவிட்டது. நல்ல சரக்கே இப்படி வலித்தால், கோளாறு தன் உடம்பில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"என் ஒடம்பு அவ்ளோதான்டி. முடிஞ்சிடுச்சி. அத அவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

உடனே ஆட்டோ பிடித்தேன். முதலியார்பேட்டையில் அந்த டாக்டரின் கிளினிக். வழியெல்லாம் அந்த நீலப் பை என் மடியில். "மீனா மேடம்? ஸ்மெல்லே வரலியே," என்றார் ஆட்டோக்காரர். எனக்கு வியர்த்துவிட்டது. செல்வி மட்டும் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டருக்கு எங்களைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பையிலிருந்து வந்ததை மேஜைமேல் வைத்ததும் ஒரு முறை அமுக்கினார்.

"ஏம்மா, இவ்ளோ ஹார்டா எதுக்கு வாங்கினீங்க?"

செல்வி மீன் கதையைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. நியாயமான சந்தேகம்தான் என்பதுபோல் தலையசைத்தார். அப்புறம் அவர் சொன்ன பாடம்... வாசகப் பெருமக்களே, கொஞ்சம் அதிர்ச்சியை ஓரம் வைத்துவிட்டு நீங்களும் கேளுங்கள்.

"ரெண்டு பேரும் உங்க கன்னத்தை அமுக்கிப் பாருங்க. அது சாஃப்ட். மூக்கு நுனியை அமுக்குங்க. அது மீடியம். இப்ப நெத்தியை அமுக்குங்க."

அமுக்கினோம். கன்னம், மூக்கு, நெற்றி. அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பிப் போனார்.

"நீங்க வாங்கினது நெத்தி. உங்களுக்கு வேண்டியது கன்னத்துக்கும் மூக்குக்கும் நடுவுல. ரொம்ப சாஃப்டா இருந்தாலும் சரிப்படாது, மடங்கிக்கும். நடுவுல கொஞ்சம் கெட்டியா, வெளியில மெத்துனு ரெண்டு லேயரா கூட வருது. ஒல்லியா இருக்கறதுல ஆரம்பிங்க. தண்ணியில செஞ்ச ஜெல் மட்டும் போடணும். சிலிக்கான் ஜெல் போட்டா பொருள் கெட்டுப்போயிடும். வலிச்சா அங்கேயே நிறுத்திடணும். வலியைத் தாங்கிக்கிட்டு யாரும் குணமாக முடியாது."

"அப்போ கெட்டியா இருந்தா நல்ல சிலிக்கான்னு அர்த்தமில்லியா?" என்று நான் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன்!

"நல்ல சிலிக்கான்லயே சாஃப்டும் இருக்கு, ஹார்டும் இருக்கு. ஒரு கம்பெனி மீடியம்னு சொல்றதை இன்னொரு கம்பெனி ஃபர்ம்னு சொல்லும். அதனால பேரை நம்பாம விவரத்தைப் படிங்க. வந்ததும் மோந்து பாருங்க. பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சா அது சிலிக்கானே இல்லை, திருப்பி அனுப்பிடுங்க."

"மோந்து பாக்குறதா? அத நான் பாத்துக்குறேன் மேடம்," என்றாள் செல்வி. அன்று முதல்முறையாக அவள் முகத்தில் பழைய ஏலக்காரி தெரிந்தாள்.

டாக்டர் அவளைப் பரிசோதித்தார். தடவ ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உங்க உடம்பு நல்லாத்தான்மா இருக்கு. பொருள்தான் தப்பு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

செல்வி நீலப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மாம்பழத்தைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறோம். வெண்டைக்காயை உடைத்துப் பார்க்கிறோம். மெத்தைக் கடையில் உட்கார்ந்து எம்பி எம்பிக் குதிக்கிறோம். சொந்த உடம்புக்கு ஒரு பொருள் என்றால் மட்டும் எதையும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோம். வலித்தால் பொருளைச் சந்தேகப்பட மாட்டோம், நம்மையே சந்தேகப்படுவோம். ஊதா நிறத்தைப் பார்த்து அலறினேனே... அலற வேண்டியது இதற்கல்லவா?

மறுநாள் செல்வி போன் செய்தாள். ராஜேந்திரனிடம் சொல்லிவிட்டாளாம். வலி, டாக்டர், பார்சல், நெற்றி, மூக்கு... எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

"அப்புறம்?"

"அவரு இன்னா நெனச்சிருக்காரு தெரியுமாடி? கையில டீசல் வாசன அடிக்குது, அது எனக்குப் புடிக்கலன்னு நெனச்சிருக்காரு. அதாலதான் ஏன்னு கேக்கலியாம். டெய்லி ரெண்டு மூணு சோப்பு மாத்தி மாத்தித் தேச்சிருக்காரு. உள்ளங்கையெல்லாம் தோலு உரிஞ்சி கெடக்குது. நான் பாக்கவே இல்லடி..."

"நீ என்ன சொன்னே?"

"மீன் வாசனையிலயே பொறந்து வளந்தவ நானு. டீசல் வாசனைக்கா ஒன்னத் தள்ளிப் படுக்கச் சொல்லுவேன்னு கேட்டேன். அழுதுட்டாரு. நானுந்தான்."

நேற்று செல்வி மறுபடி வந்தாள், அதே நீலப் பையோடு. நான் வாசலிலேயே நின்றுகொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "உள்ளே என்ன?"

"மீனுதான்டி, பயப்படாத," என்று பையை நீட்டினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஹால்ல கெடந்த பாய சுருட்டிப் பரண்ல போட்டாச்சி," என்றாள்.

வஞ்சிரம். எதற்கும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தேன்... கெட்டியாகத்தான் இருந்தது.