சொல்லிவிட்டு அணைந்த பெட்டி

போன கிழமை பழைய இரும்பு எடுக்கிற ஓட்டோ எங்கள் படலையடியில் வந்து நின்றது. ஓட்டை வாளி ஒன்றையும் உடைந்த தண்ணீர்ப் பம்பு ஒன்றையும் கொடுக்கக் கொண்டுபோனேன். உள்ளே குவிந்து கிடந்த சாமான்களுக்கு நடுவில் ஒரு கொம்பியூட்டர் பெட்டி. பக்கத் தகடு இல்லை. குனிந்து பார்த்தேன். மணம் வந்தது. உப்புப் பிடித்த இரும்பு, சூடாகி ஆறின தூசி, கொஞ்சம் கருகின பிளாஸ்டிக். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வாளியைத் தரப்போகிறீரா, இல்லை என்னிடம் சாமான் வாங்கப்போகிறீரா என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. எழுதுகிற ஆளும் இல்லை. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். ஆனால் அந்த மணத்தை யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

உப்பு மணம் என்றால் எனக்கு முதலில் ஐஸ்தான் நினைவில் வரும். அளவெட்டியில் வெங்காயமும் மிளகாயும் செய்கிற வீடு எங்களுடையது. தோட்டம் எனக்குச் சரிவரவில்லை. வல்வெட்டித்துறைக்குப் போய் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து, அரைக்கிற இயந்திரத்துக்குள் தள்ளுகிற வேலை. மீன்பிடிப் போட்டுக்காரர் எல்லாரும் வந்து எடுத்துப் போவார்கள். அங்கே வள்ளத்தைப் போட்டு என்றுதான் சொல்வார்கள். என்னைத் தோட்டத்தான் என்பார்கள். கடலில் கால் வைக்கப் பயந்தவன் என்று சிரிப்பார்கள். உண்மைதான். இன்றைக்கும் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டேன்.

மத்தியானத்துக்கு முன் வேலை முடிந்துவிடும். பிறகு ஒன்றும் இல்லை. நெல்லியடியில், காசு கொடுத்துக் கொம்பியூட்டர் பாவிக்கிற நெற் கபே ஒன்று இருந்தது. அங்கே ஒருநாள் ஒருவர் திரையில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பனி. ரோட்டில் வேறு ஒருவரும் இல்லை. வைப்பர் மட்டும் ஆடுகிறது. எனக்கு அது பிடித்துப்போனது. காலை முழுக்க ஐஸுக்குள் நின்றவன் பின்னேரம் பனிக்குள் லொறி ஓட்ட ஆசைப்பட்டேன். சிரியுங்கள், பரவாயில்லை.

முழுப் பெட்டியாக வாங்க வசதி இல்லை. துண்டு துண்டாகச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். முதலில் வாங்கினது கிராபிக்ஸ் காட். படம் திக்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு அதுதான் வேண்டும் என்று நெற் கபேயில் சொன்னார்கள். உறையில் நெருப்புக் கக்குகிற பறவை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன், வேறு ஒன்றும் தெரியாது. குத்துவதற்கு மதர்போட் இல்லை. கன நாள் அது தலைமாட்டில் கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியில், மாடிப்படிக்குக் கீழே, பாவித்த சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. அந்தக் கிராபிக்ஸ் காட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஹோர்னை வாங்கிப்போட்டு லொறி தேடுறாய் என்ன?”

ஆனால் நல்ல மனிதர். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று அவர்தான் சொல்லித் தந்தார். பெட்டி எந்தப் பழைய தகரமாகவும் இருக்கட்டும். ராம் பாவித்தது போதும். புரோசஸர் லேசில் சாகாது, பழசை வாங்கலாம். பவர் சப்ளை மட்டும் புதிதாக வாங்கு என்றார்.

“மற்றதுகள் செத்தால் தனியச் சாகும் தம்பி. சப்ளை செத்தால் எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.”

சப்ளையைப் புதிதாக வாங்கினேன். அதோடு கை வறண்டுபோனது. மதர்போட், புரோசஸர், ஹாட் டிஸ்க், பெட்டி எல்லாம் மிச்சம். ஐஸ் அரைக்கிற இடத்தில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். தவமண்ணை ஐஸ் எடுக்க வந்து நின்றார். சொந்தப் போட்டு வைத்திருந்தவர், வாய் திறவாத ஆள். பெட்டியில் ஐஸை நிரப்பி மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ரை மூத்தவன்ரை கொம்பியூட்டர் ஒண்டு வீட்டிலை கிடக்கு. வந்து பார்.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொக்கியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். அவர் போன பிறகுதான் சொன்னார்கள். மூத்தவன் பெயர் ரூபன். நான் அங்கே போகுமுன், வாடைக்காற்றுக் காலத்தில், வலை இழுக்கத் தனியப் போனவன். போட்டு மட்டும் கிடைத்தது. எஞ்சினைத் தூக்கி மடித்து வைத்திருந்தது. முன்பக்கத்தில் செருப்பு இரண்டும் சோடியாகக் கழற்றி வைத்திருந்தது, வீட்டு வாசலில் வைக்கிறமாதிரி. வலை நனையவில்லை. ஆள் இல்லை.

வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் தந்தது தாய். அறையைத் திறந்தாலே உப்பு மணக்கிறது, கொண்டுபோ என்றார். தவமண்ணை கிணற்றடியில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் ஒரு பிரச்சினைதான் இருந்தது. போனவனுக்குக் காரியம் செய்யவேண்டும் என்று தாய் நின்றார். செய்யாவிட்டால் பிள்ளை இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் எங்கே நிற்பான் என்று கேட்டார். தகப்பன் விடவில்லை. உடம்பு காணாமல் உயிரோடு இருக்கிறவனுக்குக் கொள்ளி வைக்கச் சொல்கிறாயா என்றார். வேறு கதை இல்லை.

நான் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுவந்து என்னுடைய கிராபிக்ஸ் காட்டைக் குத்தினேன், சப்ளையை மாற்றினேன். முதல் முறையிலேயே வேலை செய்தது. ரூபன் வைத்திருந்தபடியே எல்லாம் உள்ளே இருந்தது. புதிதாக ஏற்ற எனக்குத் தெரியாது, அப்படியே விட்டேன். லொறி விளையாட்டை ஏற்றினேன். பனி, ரோட்டு, வைப்பர். பின்னேரம் முழுக்க ஓட்டினேன். பள்ளத்துக்குள் பல தரம் விழுந்தேன்.

பொழுதுபட அணைத்தேன். திரை மங்கிக்கொண்டு போகிறபோது ஸ்பீக்கரில் ஒரு குரல்.

“போட்டு வாறன்.”

பின்னால் ஆள் நிற்கிறார் என்று திரும்பினேன். கதவு சாத்தியிருந்தது. திரை கறுத்துவிட்டது.

போய்விட்டு வருகிறேன் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். போகிறேன் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு ஒருவரும் வீட்டைவிட்டு இறங்கமாட்டார்கள். கேட்டவர் ஓம் என்று சொல்லவேண்டும். நானும் சொன்னேன், “ஓம்” என்று. வாய் தானாகச் சொன்னது.

அது ஒன்றும் பேய் வேலை இல்லை. அணைக்கும்போது வருகிற ஓசைக்குப் பதிலாக ரூபன் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தான். பகிடிக்குச் செய்திருப்பான். அவன் எப்போதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் இருப்பானாம். அதனால் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கின பிறகும் அணைக்கிற நேரம் வந்தால் முதுகுப் பக்கம் குளிரும். ஐஸுக்குள் நிற்கிற குளிர் வேறு. அது கையில் ஏறும்.

தவமண்ணையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அன்று பின்னேரமே வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வாசலில் நின்றார். பெட்டியைப் போட்டு, திரும்ப அணைத்தேன்.

“போட்டு வாறன்.”

“ஓம் ராசா. போட்டு வா,” என்றார். பக்கத்தில் நிற்கிற ஆளுக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “அண்டைக்கு நான் நித்திரை. அவன் சொல்லேக்கை மறுமொழி சொல்லேல்லை,” என்றார்.

அதன்பிறகு அடிக்கடி வந்தார். ஒரு தரத்துக்கு மேல் கேட்கமாட்டார். கேட்டு, மறுமொழி சொல்லிவிட்டு, படியிறங்கிப் போவார். காரியம் செய்கிற கதையை யார் எடுத்தாலும் இப்போது அவரிடம் ஒரு பதில் இருந்தது. வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு எப்படிச் செய்வது?

தாயும் ஒருநாள் வந்தார், தவமண்ணை கடலுக்குப் போன நேரம் பார்த்து.

“தம்பி, அந்தக் குரலை அழிச்சுவிடு. அந்த மனிசன் மறுமொழி சொல்லிச் சொல்லிப் பிள்ளையைப் போகவிடாமல் பிடிச்சு வைச்சிருக்குது.”

ஒருவர் அழி என்கிறார், ஒருவர் அதற்காகவே வருகிறார். எனக்கு ஒரு லொறி ஓட்டவேண்டும், அவ்வளவுதான். அதற்காக வாங்கின பெட்டி. நான் அழிக்கவும் இல்லை, அழிக்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

வாடை தொடங்கியது. ஒருநாள் வேலை முடிந்து வந்து, அறைப் பூட்டில் திறப்பைப் போடுகிறேன். உள்ளே குரல் கேட்டது. போட்டு வாறன் என்று. கதவைத் திறந்தால் பெட்டி அப்போதுதான் அணைகிறது. காலையில் நான் அதைத் தொடவே இல்லை. முன்பக்கப் பட்டனைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பச்சை பூத்திருந்தது. கடல்காற்றின் ஈரத்தில் கம்பி தானாக முட்டி, போட்டும் அணைத்தும் இருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். துடைத்த பிறகும் இரண்டொரு தரம் நடந்தது. அதற்குக் காரணம் எனக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லவும் இல்லை.

பிறகு ஹாட் டிஸ்க் சத்தம்போடத் தொடங்கியது. நகத்தால் மேசையைத் தட்டுகிற சத்தம். கஸ்தூரியார் வீதிக்காரரிடம் கேட்டேன். உது போகப்போகுது, வேண்டியதை எடுத்து வை என்றார். அந்தக் குரலை ஒரு பென் டிரைவில் எடுத்தேன். தவமண்ணை வந்தபோது, இனிப் பயமில்லை அண்ணை என்று சொல்லி, அதைப் போட்டுக் காட்டினேன். அதே குரல், அதே சொல். அவர் மறுமொழி சொல்லவில்லை.

“உது நீ சொல்லப் பண்ணுறது. அவன் போகேக்கை தானாச் சொல்லுறதுதான் வேணும்.”

டிஸ்க்கை மாற்றாமல் விட்டேன். சத்தம் கூடிக்கொண்டே போனது.

கடைசியாகத் தவமண்ணை வந்த பின்னேரம் தாயும் கூட வந்தார். அவர் முன்னால் வைத்தே குரலை அழிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன் என்று வந்திருந்தார். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். வெளியில் காற்று. பெட்டியைப் போட வெகு நேரம் எடுத்தது. தவமண்ணை அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.

“போட்டு”

அவ்வளவுதான். பிறகு மூன்று தட்டுச் சத்தம். திரை கறுத்தது.

மிச்சத்துக்காக நின்றோம். தவமண்ணையின் வாய் பாதி திறந்திருந்தது, சொல்லவேண்டியது உள்ளே நின்றது. திரும்பப் போடு என்றார். போட்டேன். டிஸ்க் இல்லை என்று வெள்ளை எழுத்தில் வந்தது. திரும்பவும் போட்டேன். அதே எழுத்து.

“வாறன் எண்டு சொல்லேல்லை,” என்றார் தவமண்ணை.

“அண்டைக்கும் போட்டு மட்டும்தானே வந்தது,” என்றார் தாய். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

தவமண்ணை கனநேரம் அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது.

“நாளைக்கு ஐயரைக் கேப்பம்,” என்றார்.

தர்ப்பையில் ரூபனுக்கு உருச் செய்து எரித்தார்கள். கீரிமலையில் சாம்பலைக் கரைக்க நானும் போனேன். பென் டிரைவைத் தாயிடம் கொடுத்தேன். அவர் அதைச் சாம்பல் முடிச்சுக்குள் வைத்துக் கட்டினார். நான் முழங்கால் அளவில் நின்றேன். தவமண்ணை வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். பிறகு எழும்பினேன். அந்த மாதிரி வீட்டில் போட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பிப் போகவேண்டும். தவமண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லவில்லை. அவரும் வா என்று சொல்லவில்லை.

அந்த ஐஸ் தொழிற்சாலை இப்போது பூட்டு. நெற் கபேயில் போன் விற்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒன்றும் இல்லை, மோட்டார் சைக்கிள் விடுகிறார்கள். தவமண்ணை போட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் திரும்ப அளவெட்டிக்கு வந்துவிட்டேன். தோட்டமும் செய்கிறேன். புதுக் கொம்பியூட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், நல்ல சப்ளையோடு. பின்னேரங்களில் லொறி ஓட்டுகிறேன். பனி முன்னையைவிட உண்மைபோல விழுகிறது.

இப்போதைய பெட்டிகள் அணையும்போது ஒரு சத்தமும் போடுவதில்லை. திரை கறுக்கும். செத்த வீட்டில் இருந்து எழும்புகிற ஆளைப்போல, சொல்லாமல் போய்விடும்.